நாற்பது பேர் சாப்பாடு

மலைக்கோயில் அடிவாரத்தில் பாஞ்சாலியும் அவள் கணவன் ராஜமாணிக்கமும் நடத்தும் மெஸ்ஸுக்குப் பத்து நாளாகவே கூட்டம் இல்லை. அன்று காலை போன் அடித்தது.

"வணக்கம். நாளை மதியம் நாற்பது பேருக்குச் சாப்பாடு கிடைக்குமா?" என்றது ஒரு பெண்குரல்.

"ஆங், கெடைக்கும் கண்ணு! மொட்ட போட வர்றீங்களா?"

"ஆமாம். காரம் குறைவாகச் செய்ய முடியுமா?"

"கொழந்தைங்களுக்குத் தனியா பருப்பு சாதமே பண்ணி வெக்கிறேன். நீ கவலப்படாத."

"மிக்க நன்றி."

"இன்னா பணிவா பேசுது அந்தப் பொண்ணு! பெத்தவங்க நல்லா வளத்திருக்காங்க" என்று ராஜமாணிக்கத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள் பாஞ்சாலி.

மறுநாள் விடியும்போதே இருவரும் அடுப்பு மூட்டினார்கள். பன்னிரண்டுக்கெல்லாம் எல்லாம் தயார். மூன்று மணி வரை ஒருவரும் வரவில்லை. பாஞ்சாலி அந்த எண்ணுக்கே கூப்பிட்டாள். ஓர் ஆள் எடுத்தார்.

"சார், வந்துகினு இருக்கீங்களா? சாப்பாடு ஆறுது. நேத்து பேசின பாப்பா எங்க?"

"எந்தப் பாப்பா? ஓ, அதுவா! அது பொண்ணு இல்லம்மா, என் போன்ல இருக்கிற ஏஐ. நல்ல கடையா பாருன்னு சொன்னேன். அதுவே நாலஞ்சு கடைக்குப் போன் போட்டு விசாரிச்சு, ஒரு கடைய சொல்லிச்சு. நாங்க அங்கயே சாப்பிட்டுட்டுக் கெளம்பிட்டோம்."

பாஞ்சாலி ஆறிக்கொண்டிருந்த அண்டாக்களைத் திரும்பிப் பார்த்தாள். ராஜமாணிக்கம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் நல்லாத்தானே பேசினேன் சார்? எங்க கடைய ஏன் வேணான்னுச்சு?"

"அத நான் கேக்கலியேம்மா" என்றார் அவர்.