பெயர் வளைவு

"பாலத்துல இருந்து உங்க பேர இறக்கிடுங்க சார்."

வழி நெடுக ஜீப்பில் பெரிய இன்ஜினியர் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வந்தது இதைச் சொல்லிவிடக் கூடாது என்றுதான். விரிசலைப் பற்றிச் சொல், பணிவாகச் சொல், பெயரைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே.

விட்டுவிட்டேன்.

தலைவர் தன் வீட்டுச் சோபாவில் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். பெரிய இன்ஜினியர் தரையில் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்துகொண்டார்.

பாலத்தின் வரைபடத்தில் அந்தப் பெயர் வளைவே கிடையாது. பாலம் கட்டி முடித்த பிறகு, தலைவர் பேர் தூரத்திலிருந்து தெரியவில்லை என்று யாரோ குறைப்பட்டார்கள். நட்ட நடுவில் கான்கிரீட்டில் எழுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு எழுத்தும் என்னைவிட உயரம். கடைசி எழுத்தை ஏற்றிய வாரமே அடியில் பாலத்தைத் தாங்கும் கர்டர் விரிசல் விட்டது.

"என் பேரையே தாங்காத பாலம் பஸ்ஸ எப்படிம்மா தாங்கும்?"

சிரித்தார். பெரிய இன்ஜினியரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

"பஸ்ஸ தாங்கும். உங்க பேரத்தான் தாங்காது. ரெண்டும் சேர்ந்தா ஆத்துல கிடக்கும்."

சிரிப்பு நின்றது.

சாயங்காலம் திறப்பு விழா. கூட்டம் காட்ட, முதல் பேருந்தில் எங்கள் தெருப் பெண்களை ஏற்றப்போகிறார்கள். அம்மா ஜன்னலோர சீட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டாள். மகள் வேலை பார்த்த பாலமாம். போகாதே என்றதற்கு, படித்த திமிரில் பேசாதே என்றாள். எங்கள் வீட்டில் எனக்கு முன் எல்லோரும் கைநாட்டு.

தலைவர் இதமாகவே பேசினார். விழா முடியட்டும், வளைவைப் பற்றி நிதானமாக யோசிக்கலாம், இந்த வயதில் கோபம் வராவிட்டால்தான் தப்பு, உனக்கும் நல்ல ஊராகப் பார்த்து மாற்றல் போடச் சொல்கிறேன்.

டிரைவர் கதவருகே வந்து நின்றார். "விழா முடிஞ்சதும் புதுப்பாலம் மேலயே வந்துடலாங்களா தலைவரே?"

"வேணாம். பழைய தரைப்பாலத்து வழியாவே விடு."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். பெரிய இன்ஜினியர் பார்த்தார்.

எழுந்தேன். உட்காரச் சொல்லிப் பெரிய இன்ஜினியர் பல்லைக் கடித்தார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இங்கே கிளம்பும் முன்பே தலைவரின் கல்குவாரிக்குப் போன் செய்திருந்தேன். இந்நேரம் புதுப்பாலத்தின் இரண்டு வாயிலும் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டிக்கொண்டிருப்பார்கள். பொக்லைன் வைத்து அள்ளினாலும் இன்றைக்குள் முடியாது.

யார் சொன்னது என்று குவாரியில் கேட்டார்கள். தலைவர் பேரைச் சொன்னேன்.

அதற்குமேல் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.