மேகமலையப் பாரு ஆத்தா!

மேகமலையில் மேகம் கூடினால் இன்றும் எனக்கு மொக்கைச்சாமி அண்ணனின் இருமல்தான் காதில் கேட்கிறது.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம். ஓடைப்பட்டிக்கு நான் புது நர்ஸ். ஒரே ஊசியை ஊருக்கே போட்டால் மஞ்சள்காமாலை முதல் எய்ட்ஸ் வரை பரவும் என்று தெருத்தெருவாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தனியார் கிளினிக் கம்பவுண்டர் மொக்கைச்சாமியோ, ஸ்டவ்வில் கண்ணாடி ஊசியைக் கொதிக்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னுமாண்ணே இது? ஆளுக்கொரு புது ஊசி போட்டா என்ன?"

"சனங்க ஒத்துக்க மாட்டாக நர்ஸம்மா" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திராட்சைத் தோட்டத்து வேலைக்காரி சுருளியம்மாள் குறுக்கே வந்தாள். "பிளாஸ்டிக் ஊசிக்கெல்லாம் காச்ச கேக்காது நர்ஸம்மா. வெந்நில கெடந்த ஊசிதேன் கேக்கும். இவுக மாத்துனாகன்னா நாங்க சந்தை ஊசிக்காரர்ட்ட போயிருவோம்."

சந்தை ஊசிக்காரர் துண்டில் துடைத்துவிட்டு அதே ஊசியை அடுத்த ஆளுக்குக் குத்துகிறவர்.

"பாவம், இவுகளுக்கே தீராத இருமல். அதுலயும் நமக்கு ஊசி போடுறாக" என்றாள்.

அன்றே மேலதிகாரிக்குப் புகார் எழுதினேன். அது அவர் கைக்குப் போனால் மொக்கைச்சாமிக்கு வேலை போய்விடும். போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

கொடுப்பதற்கு முன் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும். மறுநாள் பின்வாசல் வழியாகச் சத்தமில்லாமல் நுழைந்தேன்.

ஊசி போட்டுக்கொள்ள வந்த சுருளியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

"இங்கன பாக்காத. அங்கன மேகமலையப் பாரு ஆத்தா! மேகம் எத்தனைன்னு எண்ணு" என்றார் மொக்கைச்சாமி.

"ஒண்ணு..."

ஸ்டவ்வில் கண்ணாடி ஊசி கொதித்தபடியே கிடந்தது. மொக்கைச்சாமி மேசைக்கு அடியிலிருந்து ஒரு புது பிளாஸ்டிக் ஊசியை எடுத்தார். கவரைக் கிழிக்கும் சத்தம் கேட்காமலிருக்கப் பலமாக இருமினார்.

"ரெண்டு..."

ஊசியைப் போட்டு முடித்தார். முனையை வளைத்து, அடியிலிருந்த தகர டப்பாவில் போட்டார். டப்பா நிறைய அப்படி வளைந்த ஊசிகள்.

நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் வெளுத்தது. சொல்லிவிடாதே என்பதுபோல் கையைக் கூப்பினார்.

"முடிஞ்சிருச்சா? திரும்பட்டா?" என்றாள் சுருளியம்மாள்.

தகர டப்பா இன்னும் மூடாமல் கிடந்தது. பையிலிருந்த புகாரைக் கசக்கினேன்.

"கொஞ்சம் இரு ஆத்தா" என்றேன் நான். "அந்தா, மூணாவது மேகம் வருது பாரு!"