நைனா கொடுத்த கிணறு

திருத்தணி கோர்ட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. வரலட்சுமியின் நிலத்தில் இனி ஒரு சொட்டுச் சாயத் தண்ணீர்கூட இறங்கக் கூடாது. பக்கத்துச் சாயப் பட்டறையை மூட வேண்டும்.

"கேஸ் ஜெயிச்சிட்டு மொகத்த ஏம்மா இப்படி வச்சிகினு இருக்க?" என்றாள், கோர்ட் வாசலில் டீக்கடை வைத்திருந்த அம்சா.

"எங்க நைனா கல்யாணத்துக்குச் சீரா குடுத்த நெலம்க்கா. இப்ப அந்தக் கிணத்துத் தண்ணிய மாடுகூட மோந்து பாத்துட்டு நவுந்துடுது. வேற வழி தெரியல."

"பட்டறைக்காரன் பஞ்சாட்சரம் அங்க மொறச்சிகினு நிக்கிறான் பாரு. தனியா பஸ் ஏறாத. உன் வூட்டுக்காரரு வரலயா?"

வரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவருதாங்க்கா என் வூட்டுக்காரரு."

வேப்பமரத்தடியில் இரண்டு இலைகளைப் போட்டு, தூக்குவாளியிலிருந்த புளிச்சோற்றை வைத்தாள்.

"காலைலேர்ந்து வெறும் வயிறு. வந்து சாப்புடுங்க."

பஞ்சாட்சரம் வந்து உட்கார்ந்தான். சாயம் ஏறிச் சிவந்திருந்த விரல்கள் சோற்றை வெறுமனே அளைந்தன.

"இத வூட்லயே சொல்லியிருக்கலாமே, வரலு."

அவன் இலையில் இன்னும் ஒரு பிடி வைத்தாள்.

"இத்தினி வருஷமா வூட்லதான் சொல்லிகினு இருந்தேன்."