இரண்டைத் தாண்டிய எண்

மாலை வகுப்புக்காக சுஜி வீட்டுக் கணினியில் நிரல் எழுதி, ஃபிராக்டல் என்ற கணிதக் கோலம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் எண் சுற்றுக்குச் சுற்று மாறும். இரண்டைத் தாண்டிய எண் பிறகு திரும்பி வராது, அதுதான் கணக்கு. ஒரு புள்ளியில் மட்டும் லட்சத்தைத் தொட்ட எண் மெல்ல இரண்டுக்குள் திரும்பி வந்திருந்தது. தன் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்து வகுப்பு ஆசிரியர் வில்பிரட் சாருக்கு போன் செய்தாள்.

“எங்கியோ ஒரு வரி தப்பும்மா. இன்னிக்கே சரிபண்ணி அனுப்பு. இல்லேன்னா ஜீரோதான்.”

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் சமையலறையில் பேச்சுக் குரல் கேட்க, சுஜி எட்டிப் பார்த்தாள். போன கிறிஸ்துமசுக்கு முன் தாம்பரம் கல்லறையில் அடக்கம் செய்த அண்ணன் ஸ்டெபின் தோசை தின்றுகொண்டிருந்தான்.

“என்னடி முழிக்கிற? உன் பங்க ஒண்ணும் தொடல,” என்றான். அம்மா சிரித்தாள். அவள் சிரித்து நெடுநாள் ஆகியிருந்தது.

சுஜி கணினிக்குத் திரும்பி வந்து நிரலை வரி வரியாகப் பார்த்தாள். ஓரிடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் இருந்தது. மாற்றி ஓட்டினாள். எண் திரும்பி வரவில்லை. சமையலறையில் பேச்சும் நின்றது.

“ஸ்டெபின்?” என்று அம்மா கூப்பிடுவது மட்டும் கேட்டது.

சுஜி அவசரமாகக் கழித்தலையே போட்டு மறுபடி ஓட்டினாள்.

“இன்னொரு தோசை ஊத்தும்மா,” என்றான் அண்ணன்.

போன் அடித்தது. “என்னம்மா, தப்பு கிடைச்சுதா?” என்றார் சார்.

“இல்ல சார்,” என்றாள் சுஜி. “ஜீரோவே போட்டுடுங்க.”