இரண்டாவது நாற்காலி

"இது வீடா, மரக்கடையா? கீழ மனுஷங்க குடியிருக்கறது ஞாபகம் இருக்கா இல்லையா?"

கதவைத் திறந்தவர் ஒரு கையில் உளியும் மறு கையில் சுத்தியலுமாக நின்றார். எதிரே, இடுப்பில் கை வைத்தபடி கீழ்வீட்டம்மாள். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மனிதர் தலையைக் குனிந்து, "மன்னிச்சுக்குங்கம்மா..." என்று இழுத்தார்.

"தரையப் பாத்து முணுமுணுத்தா என்ன அர்த்தம்? முகத்தப் பாத்துப் பதில் சொல்லுங்க!"

நிமிர்ந்தார். "நாற்காலி செய்யறேன்மா. மடக்கு நாற்காலி."

"ஏன், கடையில கிடைக்காதா?"

"கடையில வாங்கினா ஒரே நாள்ல வந்துடும். அப்புறம் நான் என்ன செய்யறது?"

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அறை முழுக்க மரத்தூள். நடுவில் அறுத்து வைத்த சட்டங்கள். ஜன்னலோரம் ஒரே ஒரு பழைய நாற்காலி.

"யாராவது வந்தா உக்கார வேணுமே. அதான் இன்னொண்ணு. யாரும் வரலன்னா மடக்கிக் கட்டிலுக்கடியில தள்ளிடலாம். காலி நாற்காலி கண்ணு முன்னால நின்னா உறுத்துதும்மா."

அவள் ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "என்னமோ செய்ங்க. சத்தம் மட்டும் வரக்கூடாது" என்று படியிறங்கிப் போய்விட்டாள்.

பெரிய அலுவலகம் ஒன்றில் வாழ்நாளெல்லாம் லிஃப்ட் ஓட்டியவர் அவர். ஊரே அவருக்குப் பழக்கம், ஆனால் மாடி வந்ததும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். வெளியூரிலிருக்கும் மகன், "சாப்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்துவிடுவான். சண்டை போடவாவது ஒருத்தி வாசலில் வந்து நின்றாளே என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். "தலை வலிக்குது", "தூக்கம் போச்சு", "டிவி கேக்க முடியல" என்று தினம் ஒரு புகார். திட்டிவிட்டு உடனே போவதுமில்லை. "அந்தக் கட்டைய எங்க மாட்டுவீங்க?", "மடக்கும்போது விரல் நசுங்காதா?" என்று வாசலிலேயே நின்று கேட்பாள். குறுக்குச் சட்டங்கள் கத்தரிக்கோல் மாதிரி சேரும் இடத்தையும், அங்கே போல்ட்டுக்கு விட்டிருக்கும் துளையையும் அவர் காட்டுவார். வேலைக்கு நடுவே பேச்சு வளர்ந்தது, நாற்காலிதான் வளரவில்லை. ஒரு நாள் வேலையை அவர் நாலு நாளைக்கு இழுத்தார். அவள் வரும் நேரம் பார்த்துத் தலையைக்கூட வாரிக்கொண்டார்.

பசை போட்டுக் காய வைத்திருந்த அன்று சுத்தியலைத் தொடவே இல்லை. அன்றும் வந்து, "டொக்கு டொக்குன்னு உயிரெடுக்கறீங்களே!" என்றாள்.

பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்திருப்பார்கள். ஊரில் எங்கே சத்தம் கேட்டாலும் பழி தன் தலையில்தான் போல. 'நான் இல்லம்மா' என்று சொன்னால் அவள் திரும்பிப் போய்விடுவாளே!

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க" என்றார் பணிவாக.

எத்தனை நாள்தான் இழுக்க முடியும்? கடைசிப் பலகையை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்த அன்று, அவளைச் சந்தோஷப்படுத்த நினைத்து வாயை விட்டுவிட்டார்.

"இன்னியோட முடிஞ்சுதும்மா. இனிமே சத்தமே வராது."

அவள் முகம் சட்டென்று வாடியது. "ஓ... முடிஞ்சிருச்சா?" என்றவள், கேள்வி எதுவும் கேட்காமல் இறங்கிப் போனாள்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. புது நாற்காலியை விரித்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஒரு வெறும் பலகையை எடுத்துத் தரையில் போட்டு ஓங்கி ஓங்கி அடித்தார். எதிர்வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். வர வேண்டியவள் வரவில்லை. நாள் முழுக்க அடித்தும் வரவில்லை.

திட்டக்கூடப் பிடிக்காத அளவுக்கு வெறுத்துவிட்டாள் என்று நினைத்தார்.

மறுநாள் மாலை நாற்காலியை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். அவள் வீட்டுக் கதவைத் தட்டினார். கதவுக்கடியில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே நடமாட்டமும் தெரிந்தது. மீண்டும் தட்டினார். திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. நாற்காலியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பும்போது, கையில் பையோடு ஒரு பெண் படியேறி வந்தாள்.

"அம்மாவப் பாக்கவா வந்தீங்க? நான் அவங்க பொண்ணு. வாங்கய்யா" என்றபடி தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள்.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த கீழ்வீட்டம்மாள் நிமிர்ந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. மறு நொடியே இடுப்பில் கை ஏறியது.

"முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே, வெக்கமா இல்ல? நேத்தெல்லாம் ஒரே சத்தம்! காதே கிழிஞ்சு போச்சு!"

அப்பாடா, கேட்டிருக்கிறது! அவர் அவசரமாக வெளியே சாய்த்திருந்த நாற்காலியை எடுத்து வந்து, விரித்து அவள் முன்னால் போட்டார். "தப்புதாம்மா. முதல்ல உக்காருங்க."

அவள் அதில் உட்கார்ந்து, நாற்காலியின் கைகளைப் பெருமையாகத் தடவிப் பார்த்தாள். மகள் அவளுக்குப் பின்னால் நின்று, குழப்பத்தோடு அவரைக் கேட்டாள்:

"என்ன சத்தம்யா? அம்மாவுக்குக் காது சுத்தமாப் போயி மூணு வருஷமாச்சே... எதிர்ல இருக்கறவங்க உதட்டப் பாத்துத்தானே பேசறாங்க!"