ஜன்னலோர இருக்கை

"உன் மூஞ்சியைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. போ, ஜன்னல் பக்கமே உக்காரு! கறுப்புத் துணியைத் தொடாதே, நாசமாக்கிடுவே!"

பிஷ்கெக் நகரத் தையல் பட்டறையில் மேற்பார்வையாளர் தெமிர்பெக் ஆறு வருஷமாகக் குல்பாராவிடம் தினமும் இப்படித்தான் கத்தினார். கடைசியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து அவரைத் துரத்தச் சொல்லி முதலாளிக்கு மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து குல்பாராவுடையது. அவர் போன அன்று போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்து எல்லோருக்கும் கொடுத்தாள்.

புதிய மேற்பார்வையாளராக வந்த ஐஜமால் கத்தவே இல்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்து, குல்பாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாம ஒரே குடும்பம் அக்கா. மனசுல என்ன இருந்தாலும் சொல்லுங்க."

இப்படி யாரும் கேட்டதே இல்லை. குல்பாரா உடைந்துபோனாள்.

"கண்ணு மங்கிட்டே வருதும்மா. கறுப்புத் துணியில நூலே தெரியாது. நல்ல வெளிச்சம் இருந்தா சமாளிச்சிடுவேன்."

ஐஜமாலின் கண்களும் கலங்கின.

வெள்ளிக்கிழமை சுவரில் ஒட்டிய ஆட்குறைப்புப் பட்டியலிலும் முதல் பெயர் குல்பாராதான். காரணம், பார்வைக் குறைவு.

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா," என்று ஐஜமால் கட்டியணைத்தாள்.

கத்தரிக்கோலை எடுத்துக்கொள்ளத் தன் இருக்கைக்குப் போனாள் குல்பாரா. பட்டறையில் அங்கே மட்டும்தான் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

ஆறு வருஷமும் அவளுக்கு வெள்ளைத் துணி மட்டுமே வந்திருந்தது.