நடுவில் இருந்த இடம்

ஓவியக் கல்லூரியின் முதலாண்டில் நிறைமதிக்குக் கொடுத்த வீட்டுப்பாடம் விசித்திரமானது. பொருளை வரையக் கூடாது. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தை மட்டும் வரைந்து கரி பூச வேண்டும். செம்பையும் நாற்காலியையும் வைத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. கடைசியில், சோபாவின் இரு கோடிகளில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பாவும் அம்மாவும் கண்ணில் பட்டார்கள். இன்ஜினியரிங் வேண்டாமென்று அவள் ஓவியத்தில் சேர, அப்பாவை மீறி அம்மா கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர்கள் இருவருக்கும் பேச்சு இல்லை. "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, மேலிருந்து கரி பூசிக்கொண்டே வந்தாள். இதுவரை அவள் படங்களைத் தொட்டே பார்க்காத அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னது, பாழுங்கிணறா?"

"உங்கப்பா காது அந்த ஓரத்துல விடைச்சுக்கிட்டு நிக்குதே, தெரியலையாமா?" என்று அம்மாவும் தன் கோடியிலிருந்தே எட்டிப் பார்த்து மகளிடம் கேட்டாள்.

அப்பா தாளை வாங்கி, தன் காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இந்தப் பக்கம் ஜிமிக்கி கோணலா இருக்குன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"எங்க, காட்டுங்க" என்று அம்மா நகர்ந்து வந்தாள்.

இரண்டு தலைகளும் தாளின் மேல் கவிந்தன. அடியில் இன்னும் பாதி வரைய வேண்டியிருந்தது. நிறைமதி கரித்துண்டோடு நிமிர்ந்தாள். பார்த்து வரைய எதிரே இடைவெளி இல்லை.